ஆண்கள் பள்ளியில் பையனுக்கு சீட் கேட்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எழும்பூர் டான் பாஸ்கோவில் விஸ்வநாதன் ஆனந்த் படித்தார் என்பது உண்மை. அங்கே எல்.கே.ஜி. சீட் கிடைத்துவிட்டால் நம் பையனும் செஸ் போர்டைத் தேடி ஓடுவான் என்று நம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் உண்மை. எங்கள் தெருவில் யார் வீட்டில் அட்மிஷன் என்றாலும் "ஒரு தடவை சரிபார்த்துக் கொடுங்களேன்" என்று அப்ளிகேஷன் என்னிடம்தான் வரும். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டது என்னவென்றால், குளறுபடிகளில் பெரும்பாலானவை பையனால் வருவதில்லை. பள்ளியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அது என்ன வகைப் பள்ளி என்று பார்க்காமல் விண்ணப்பிப்பதால் வருகின்றன.

தமிழ்நாட்டில் பேர்பெற்ற தனியார் ஆண்கள் பள்ளிகளில் நிறைய, கிறிஸ்தவ சபைகள் நடத்தும் சிறுபான்மைப் பள்ளிகள். இந்த ஒரு விவரம் தெரியாமல்தான் பலர் ஆர்.டி.இ. சீட்டுக்கு இந்தப் பள்ளிகளை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ. என்பது இதுதான்) தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு இலவசமாகத் தர வேண்டும். ஆனால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு சரியா என்று 2025-இல் உச்ச நீதிமன்றத்திலேயே இன்னொரு அமர்வு கேள்வி எழுப்பியிருக்கிறது, ஆனால் அதை நம்பி உங்கள் பையனின் வருடத்தைப் பணயம் வைக்க முடியாது. ஆர்.டி.இ. தான் உங்கள் வழி என்றால், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சிறுபான்மை அல்லாத பள்ளிகள் எவை என்று முதலில் பாருங்கள். அவற்றில் ஆண்கள் பள்ளி இல்லாமலும் போகலாம். பரவாயில்லை, இருபாலர் பள்ளியில் படித்த பையன்களும் ஆளாகித்தான் இருக்கிறார்கள்.

இதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது, மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அதனால்தான் "இன்டர்வியூ" என்ற சொல் மறைந்து "இன்டராக்‌ஷன்" வந்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தத் தடையும் இல்லை என்பதால், கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே போய்ச் சட்டம் பேசிப் பயனில்லை.

போகிறவர்கள் செய்கிற தவறு, மூன்றரை வயசுப் பையனைத் தயார் செய்வது. கலர், காய்கறி, "வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்" என்று ஒரு மாதம் உருப்போட வைத்து அழைத்துப் போனால், அங்கே பள்ளியின் பாதிரியார் தன் மேஜையில் இருக்கும் பேனா ஸ்டாண்டைக் காட்டி "இது என்னப்பா?" என்று கேட்பார். பையன் "மை நேம் இஸ் கவின்" என்பான். பக்கத்தில் அம்மா "சொல்லு தங்கம், சொல்லு" என்று குனிந்து கிசுகிசுப்பார், அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அந்த அறையில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் இரண்டு பேரைத்தான். பையன் பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும், "வீட்டில் நன்றாகப் பேசுவான், இங்கே கூச்சப்படுகிறான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். அதைவிட முக்கியம், ஏன் இந்தப் பள்ளி என்று கேட்டால் அப்பா ஒன்று அம்மா ஒன்று சொல்லாமல் வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்வது. "ரொம்ப சேட்டை சார், இங்கே சேர்த்தால் டிசிப்ளின் வரும்" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பள்ளிக்காரர் காதில் அது "எங்களால் முடியவில்லை, நீங்கள் பாருங்கள்" என்றுதான் விழும். சேட்டையை அடக்க ஆண்கள் பள்ளி என்ற எண்ணமே எனக்குப் புரிந்ததில்லை. ஒரே வகுப்பில் ஐம்பது பையன்கள் சேர்ந்தால் சேட்டை குறையுமா என்ன?

இனி காகிதங்களுக்கு வருகிறேன், அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் பையன் பெயர் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பெயர் வைப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து பிறப்பு பதிவாகிவிடும், அப்புறம் பெயரைச் சேர்க்க மறந்துவிடுவார்கள், மூன்று வருஷம் கழித்து அட்மிஷன் சமயத்தில்தான் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது கண்ணில் படும். ஒரு வருஷத்துக்குள் என்றால் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம். செய்யக்கூடியதுதான், ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் மாநகராட்சி அலுவலகத்தில் போய் நின்றால் நடக்காது.

பெயர் இருந்தாலும் இனிஷியல் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் "கவின் எஸ்", ஆதாரில் "கவின் செந்தில்குமார்", தடுப்பூசி அட்டையில் "எஸ். கவின்". நமக்கு மூன்றும் ஒரே பையன். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஆன்லைன் ஃபார்மில் "சர்நேம்" என்று ஒரு கட்டம் கட்டாயமாக நிற்கும், நமக்கு அப்படி ஒன்று கிடையாது, அவசரத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் ஊர்ப் பெயரை, இன்னொருவர் வெறும் புள்ளியை. எல்.கே.ஜி.யில் தட்டியது பள்ளிப் பதிவேட்டில் ஏறி, அங்கிருந்து பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவான எமிஸில் அவன் எண்ணோடு ஒட்டிக்கொண்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகி வரும். அதற்கப்புறம் பாஸ்போர்ட்டிலிருந்து வேலை வரைக்கும் அந்தப் பெயர்தான், மாற்ற வேண்டுமென்றால் அரசிதழ் வரை போக வேண்டும். ஆகவே முதலில் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் ஒன்றாக்குங்கள், அப்புறம் ஃபார்மைத் திறங்கள். தமிழில் பெயரை எப்படி எழுதுவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். மாநில வாரியச் சான்றிதழில் தமிழிலும் பெயர் அச்சாகும், அங்கே "ரித்திக்" ஒரு வருஷமும் "ஹ்ரித்திக்" ஒரு வருஷமும் இருக்க முடியாது.

வயசுக் கணக்கு: மாநில வாரியப் பள்ளிகளில் பொதுவாக ஜூலை 31-க்குள் மூன்று முடிந்தால் எல்.கே.ஜி., ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. சி.பி.எஸ்.இ. பள்ளியில் கணக்கு வேறாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் குறைகிறது என்று பிறந்த தேதியை நகர்த்தப் பார்க்காதீர்கள். அதைச் சரிசெய்யப் பிற்பாடு கோர்ட்டுக்கு அலைகிறவர்கள் உண்டு.

சாதிச் சான்றிதழ் விஷயம் கொஞ்சம் சங்கடமானது, இருந்தாலும் சொல்கிறேன். கத்தோலிக்கப் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு, அதற்கு ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். சில குடும்பங்களில் கையில் இருக்கிற சாதிச் சான்றிதழோ இந்து பட்டியல் சாதி என்றிருக்கும். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்குத்தான் எஸ்.சி. தகுதி. பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். அந்தச் சட்டம் நியாயமா இல்லையா என்பது பெரிய விவாதம், என் கருத்து அது நியாயமில்லை என்பதுதான். ஆனால் ஒரே ஃபைலில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பையனுக்குப் பதினைந்து வருஷம் கழித்து வினையாக வந்து நிற்கும். எது உங்கள் நிலையோ அதன்படி ஒன்றைக் கொடுங்கள்.

அடுத்தது வெளியூர்களில் அதிகம் நடக்கிற தவறு. திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், பாளையங்கோட்டை செயின்ட் சேவியர்ஸ், மதுரை செயின்ட் மேரிஸ் மாதிரி இயேசு சபையார் நடத்தும் பழைய ஆண்கள் பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகள். இப்படிப்பட்ட பல பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். ஒரே கேட், ஒரே பெயர், சில இடங்களில் ஒரே யூனிஃபார்ம்கூட. உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவில் கட்டணம் பெயரளவுக்குத்தான், பாடப்புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் அரசு தரும். ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதி, அதற்குத் தனிக் கட்டணம். எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரியாமல் ஃபார்ம் வாங்கிவிட்டு, "எய்டட் ஸ்கூல்தானே, எதற்கு இவ்வளவு பணம்?" என்று அலுவலகத்தில் சண்டை போடுவது வருஷா வருஷம் நடக்கிறது.

இதன் நீட்சியாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடித்த பையனை ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றும்போது என்னென்ன போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் முதலான படிப்புகளில் 2021 முதலும் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளி அதில் வராது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப்புதல்வன் திட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும், உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களுக்கும் உண்டு, ஆங்கில வழிக்குப் போனால் அதுவும் போய்விடும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர்கள், விளையாட்டு மைதானம், படிப்பில் மும்முரமான சூழல், இவற்றுக்காக மாற்றலாம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள், அவ்வளவுதான்.

"மெட்ரிக் பள்ளி, சிலபஸ் டஃப்பாக இருக்கும்" என்று இன்னும் சொல்கிறார்கள். 2010-ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், அரசுப் பள்ளி எல்லாவற்றுக்கும் பத்தாம் வகுப்பு வரை பொதுப் பாடத்திட்டம்தான். பெயர்ப்பலகை மட்டும் பழையது. தமிழ் எடுக்காமல் பிரெஞ்சு எடுத்து மார்க் அள்ளலாம் என்று பத்து வருஷத் திட்டம் போடுகிறவர்கள், தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பணம். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது, ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொகை நிர்ணயிக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு எவ்வளவு என்று பார்க்காமல் போகாதீர்கள். டொனேஷன் 1992-ஆம் ஆண்டிலிருந்தே சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆனாலும் "எனக்கு கரஸ்பாண்டென்ட்டைத் தெரியும், இரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துவிடலாம்" என்று ஒருவர் கிளம்பி வருவார். சீட் கிடைத்தால் தன்னால்தான் என்பார், கிடைக்காவிட்டால் போனை எடுக்க மாட்டார். எதைக் கட்டினாலும் பள்ளியின் பெயரில், ரசீதோடு கட்டுங்கள். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கட்டணம் கழிவாகும், சீட்டுக்காகக் கொடுத்த நன்கொடை ஆகாது.

ஆண்கள் பள்ளிக்கென்றே ஒரு தவறு உண்டு: பொண்ணை மறந்துவிடுவது. மூத்தவன் படிக்கிற பள்ளியில் இளையவளுக்கு "சிப்ளிங்" முன்னுரிமை என்பது இங்கே கிடையாது. இன்னும் இரண்டு வருஷத்தில் பாப்பாவுக்கு வேறொரு பள்ளி, வேறொரு கேட், அநேகமாக அதே எட்டரை மணி. சாந்தோம் நெடுஞ்சாலையில் செயின்ட் பீட்ஸும் பெண்களுக்கான ரோசரியும் இருப்பது மாதிரி எல்லா ஏரியாவிலும் அமையாது. காலையில் யார் யாரை எங்கே கொண்டுபோய் விடுவது, வேனா, ஆபீஸுக்கு எப்போது போவது, இதை இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேசாத வீடுகளில் பெரும்பாலும் அம்மாவின் வேலைதான் போகிறது.

கடைசியாக, ஆறாம் வகுப்புக்கோ பதினொன்றுக்கோ மாற்றுகிறவர்களுக்கு. புதிய பள்ளியில் பணம் கட்டி ரசீது கைக்கு வரும் வரை பழைய பள்ளியில் டி.சி. கேட்காதீர்கள், "சீட் இருக்கு, வாங்க" என்று போனில் சொன்னதை நம்பியும் கேட்காதீர்கள். பதினொன்றுக்கு என்றால், சீட் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்த குரூப் என்று எழுத்தில் வேண்டும். பயோ மேக்ஸ் என்று நினைத்துப் போய் காமர்ஸில் உட்கார்ந்தவர்கள் உண்டு. டி.சி. வாங்கும் அன்றே, பழைய பள்ளி எமிஸில் பையனை காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலுக்கு, விட்டுவிட்டார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள். விடாவிட்டால் கையில் டி.சி. இருந்தும் புதிய பள்ளியால் அவனைப் பதிவில் ஏற்ற முடியாது. பழைய பள்ளியில் அதைச் செய்ய வேண்டிய கம்ப்யூட்டர் மிஸ் அநேகமாக அன்றைக்கு லீவில் இருப்பார்.