மீட்டெடுத்த மெத்தனாலில் தண்ணீர்: சோப்பு கட்டியதைச் சரிசெய்த விதம்

வீட்டில் பயோடீசல் தயாரித்தபின் மிஞ்சும் கிளிசரினிலிருந்து வடித்த மெத்தனாலை அப்படியே அடுத்த தொகுதியில் ஊற்றினேன். எண்ணெய் பயோடீசலாகாமல் சோப்புக் கூழாகிவிட்டது. அந்த மெத்தனாலுக்கு அடர்த்திமானி 20 டிகிரியில் 0.806 காட்டியது; சுத்த மெத்தனாலுக்கு 0.792 வரவேண்டும். அதாவது எடையில் சுமார் 5 சதவீதம் தண்ணீர். (30 டிகிரி வெயிலில் அளந்தால் சுத்த மெத்தனாலே 0.782தான் காட்டும், வெப்பநிலையைப் பார்க்காமல் அளப்பது வீண்.)

தவறு வடிப்பில்தான். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். ஆவிக்குழாயின் உச்சியில் வெப்பமானி 65ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் தண்ணீரும் கூடவே வருகிறது. இப்போது 70ஐத் தொட்டதும் வாங்கும் பாத்திரத்தை மாற்றிவிடுகிறேன்.

ஏற்கெனவே ஈரமான 10 லிட்டரில் தண்ணீரை உறிஞ்சும் நுண்துளை மணிகளான 3ஏ ஜியோலைட் 4 கிலோ போட்டு, இறுக மூடி, இரண்டு நாள் வைத்தேன். துளை சற்றுப் பெரிதான 4ஏ வகையை வாங்காதீர்கள், அது மெத்தனாலையும் உறிஞ்சும். மணிகளை மறுபடி சூடாக்கி உலர்த்துமுன் ஒட்டியிருக்கும் மெத்தனாலைத் திறந்தவெளியில் முழுதும் ஆவியாகவிடுங்கள். அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. வடிப்புக்கும் திறந்த அடுப்பு கூடவே கூடாது.