காரைக்குடியிலிருந்து எரிமலைத் தீவுக்கு: பவளப்பாறை மீன்களைப் பார்க்கப் பழகும் முறை

பாலித் தீவின் கிழக்குக் கரையில், ஆகுங் எரிமலையின் அடிவாரத்தில், அமெட், துலம்பென் என்று இரண்டு கடலோர ஊர்கள் இருக்கின்றன. படகு ஏறாமல், கரையிலிருந்து நடந்தே இறங்கி, தண்ணீருக்குள் முகத்தை வைத்த சில நிமிடங்களில் பவளப்பாறை மீன்களைப் பார்க்க முடிகிற இடங்கள் இவை. திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறினால் பாலியின் தலைநகரான டென்பசார். அங்கிருந்து காரில் ஏறத்தாழ 3 மணி நேரம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உறவினர் இல்லாத செட்டிநாட்டு வீடு குறைவு என்பதால், நம்மில் பலருக்கு இதில் பாதி வழி ஏற்கெனவே பழகியதுதான். ஆனால் ஸ்நார்க்கலிங்கை, அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் அணிந்து முகம் கவிழ்த்து மிதந்தபடி நீருக்குள் பார்ப்பதை, அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், முதல் நாட்கள் உப்புத் தண்ணீர் குடிப்பதிலேயே கழிந்துவிடும். கற்க வேண்டியதில் பெரும்பகுதியை இங்கேயே முடித்துவிடலாம்.

கற்க வேண்டியது நீச்சல் அன்று, மிதப்பு. கண்மாயிலும் கிணற்றிலும் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர்கள், தலையை மேலே தூக்கி, கைகளை வேகமாக வீசித்தான் நீந்துவார்கள். இங்கே வேண்டியது அதற்கு நேர் எதிரான பழக்கம்: முகம் கீழே, உடல் தளர்ந்து, கைகள் பக்கவாட்டில் அசையாமல், வாய் வழியாக நீளமாக மூச்சு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது வேடிக்கையான உண்மை. விடுதிகளின் நீச்சல் குளம் கிடைத்தால் நல்லது. கலங்கல் இல்லாத பருவத்தில் கண்மாயும் போதும். குடிநீர் ஊருணிப் பக்கம் மட்டும் போக வேண்டாம். கால் கழுவவே இறங்கக் கூடாத நீரில் ரப்பர்க் குழாயோடு இறங்கினால் ஊரார் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், அது நியாயமும்கூட.

முதலில் இடுப்பளவு நீரில் நின்றபடியே, மாஸ்க்கும் ஸ்நார்க்கல் குழாயும் அணிந்து முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து மூச்சு விடுங்கள். மாஸ்க் மூக்கை மூடியிருப்பதால் மூளை சற்று முரண்டு பிடிக்கும். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கினால் அது அடங்கும். அடுத்து, வேண்டுமென்றே குழாயின் நுனியை நீரில் அமிழ்த்தி, தண்ணீர் புகுந்ததும் ‘ஃபூ’ என்று ஒரே வீச்சில் ஊதி வெளியேற்றப் பழகுங்கள். குழாயில் தண்ணீர் ஏறியதும் திகைத்து எழாமல், ஊதிவிட்டு அப்படியே தொடர முடிகிற நாளில்தான் நீங்கள் கடலுக்குத் தயார். கடைசித் தேர்வாக, தரையையும் சுவரையும் தொடாமல் 20 நிமிடம் முகம் கவிழ்த்து மிதந்து பாருங்கள். உப்புநீரின் சுவையும் சிற்றலையும் பழக வேண்டுமென்றால் தொண்டிப் பக்கம் போகலாம்; பாக் விரிகுடாவின் கரையோரம் ஆழம் குறைந்தது, வடகிழக்குப் பருவமழைக் காலம் தவிர்த்துப் பெரும்பாலும் அமைதியானது, ஆனால் சேற்றுக் கலங்கலால் மீன் எதுவும் தெரியாது.

மாஸ்க்கை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்குவது நல்லது. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது என்று பொருள். மீசை வைத்திருப்பவர்களுக்கு மாஸ்க் கசியும். மூக்கின் அடியில் ஒரு கோடு அளவுக்கு மழித்துக்கொண்டால் கசிவு பெரிதும் குறையும். மீசையா மீனா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். தலைக்கும் முகத்துக்கும் தேங்காயெண்ணெய் தடவியிருந்தால் மாஸ்க் வழுக்கும், கடலிலும் எண்ணெய் படியும். கண்ணாடி அணிபவர்களுக்குப் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்குகள் கிடைக்கின்றன. முகம் முழுவதையும் மூடும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்: வெளிவிட்ட காற்று உள்ளேயே தங்க வாய்ப்புண்டு, அவசரத்தில் கழற்றவும் தாமதமாகும். இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ள பெரியவர்கள், ஐயாவானாலும் அப்பத்தாவானாலும், மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குழாய் வழியாக மூச்சிழுப்பது பார்ப்பதற்குத் தெரிவதைவிட நெஞ்சுக்கு அதிக வேலை.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாலியில் வறண்ட பருவம். மழைக்காலத்தில் ஓடைகள் மண்ணைக் கடலில் கொட்டுவதால் கரையோர நீர் கலங்கும். காலை 7 மணிக்கு இறங்கினால் காற்றும் கூட்டமும் இராது. எரிமலையிலிருந்து வந்த கரிய மணலும் உருண்டைக் கற்களுமே கரை என்பதால், அடிப்பகுதி கெட்டியான நீர்க்காலணி அவசியம். வெயில் ஏறிய பின் அந்தக் கருங்கல் வெறுங்காலைச் சுட்டுவிடும். காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகளைக் கரையில் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். இடுப்பளவு நீரில் நின்று மாட்டுங்கள். முழுக்கை நீச்சலுடை அணிந்தால் சன்ஸ்கிரீன் பெரும்பாலும் தேவைப்படாது. அதிலுள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற பொருள்கள் பவளத்துக்குக் கெடுதல் என்பதால்தான், இன்னோர் எரிமலைத் தீவுக் கூட்டமான ஹவாய் 2021 முதல் அவ்வகைச் சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடை செய்தது.

நீருக்குள் போனதும் எதையும் துரத்தாதீர்கள். மீன்கள் தம் பக்கவாட்டுக் கோட்டு உறுப்பால் நீரின் அதிர்வை உணர்கின்றன. நீங்கள் கையை வீசும்போதெல்லாம் அவை பொந்துக்குள் நுழைந்துவிடும். 2 அல்லது 3 மீட்டர் ஆழத்தில் ஒரு பவளத் திரட்டைத் தேர்ந்துகொண்டு, அதன் மேலே அசையாமல் 10 நிமிடம் கிடங்கள். முதலில் வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடியாக வெளிவரும். பிறகு ‘கரக், கரக்’ என்ற ஒலி காதில் விழும்: கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டுகிறது. சுரண்டிய சுண்ணாம்பை அரைத்து, பின்புறம் வெண்புகையாக மணலைக் கழித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். பாறையின் ஒரு முனையில் நீலக் கோடு போட்ட விரலளவு மீன் ஒன்று நெளிந்துகொண்டிருந்தால், அதைச் சுற்றிப் பாருங்கள். அது பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று பிழைப்பது. அதைவிடப் பலமடங்கு பெரிய மீன்கள் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல வரிசையில் நின்று, முறை வந்ததும் வாயையும் செவுளையும் அகலத் திறந்துகொடுக்கும். கடற்சாமந்தியின் நடுவிலிருந்து கோமாளி மீன் உங்கள் மாஸ்க்கை நோக்கிப் பாய்ந்து வரலாம். அக்குடும்பத்தில் மிகப் பெரியது பெண், அதுதான் அதிகம் சண்டைக்கு வரும், ஆனால் ஆபத்தில்லை.

ஆபத்து பெரிய கிளாத்தி மீன் (டிரிகர்ஃபிஷ்) வகை ஒன்றிடம்தான். முட்டையிட்ட காலத்தில் அது காக்கும் எல்லை, கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவிலானது. ஆகவே அது முதுகு முள்ளைத் தூக்கிக்கொண்டு வந்தால் மேலே எழும்புவதால் பயனில்லை. துடுப்பை அதன் பக்கம் காட்டியபடி பக்கவாட்டில் விலகுங்கள். கல்மீனும் சிங்க மீனும் தாமாகக் கடிக்க வருவதில்லை, மிதிப்பவரையும் தொடுபவரையும்தான் குத்தும். குத்திவிட்டால், தோல் வெந்துபோகாத அளவுக்குப் பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில், காயத்தை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், அருகிலும் தெரியும் என்பதால், இடைவெளியைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் கூடுதலாகவே விடுங்கள்.

துலம்பெனில் கரையிலிருந்து நீந்தும் தொலைவிலேயே லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலின் சிதைவு கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் அடிபட்டுக் கரையில் ஏற்றப்பட்ட அந்தக் கப்பல், 1963-ல் ஆகுங் வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அதன் மேற்பகுதி ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் இருப்பதால், மேலே மிதந்தபடியே இரும்பின் மீது வளர்ந்த பவளத்தையும் மீன் கூட்டத்தையும் பார்க்கலாம். ஸ்கூபா வீரர்களைப் பின்தொடர்ந்து முக்குளிக்க ஆசை வரும். பயிற்சி இல்லாதவர்கள் அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

பாலிக்கும் பக்கத்துத் தீவான லோம்போக்குக்கும் இடைப்பட்ட நீரிணை வலுவான நீரோட்டத்துக்குப் பெயர்போனது. இறங்குமுன் உள்ளூர்ப் படகுக்காரரிடம் அன்றைய ஓட்டம் எந்தத் திசையில் என்று கேளுங்கள்; ஓட்டத்தை எதிர்த்துப் போய், அதனுடன் திரும்புங்கள். இழுத்துக்கொண்டு போனால் எதிர்நீச்சல் போடாமல், கரையை நோக்கிக் குறுக்காக நகர்ந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். மிதவைச் சட்டையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எப்போதும் இருவராகவே இறங்குங்கள்.

ரொட்டி போட்டால் மீன் வரும் என்று யாராவது சொல்வார்கள். வரும், ஆனால் முரட்டு வகைகள் மட்டுமே மொய்த்து, நீங்கள் பார்க்க வந்த மற்றவற்றை விரட்டிவிடும். பவளத்தின் மேல் நிற்பதும் பிடித்துக்கொள்வதும் கூடாது. உருண்டு திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள்: பாறை உருவாக்கும் பவளங்கள் நம் நாட்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, திருச்சிச் சுங்கத்தில் விளக்கம் சொல்ல நேரிடும்.

தினமும் மாலையில் மாஸ்க்கையும் குழாயையும் துடுப்பையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஊர் திரும்பிய பின் மொட்டை மாடியில் போட்டுவைத்தால் நம் வெயிலில் வாரும் ரப்பரும் விரைவில் வெடித்துப் போகும்; மாஸ்க்கை அதன் கெட்டியான பெட்டியில் வைத்து, கனமான எதையும் மேலே அடுக்காமல் அலமாரிக்குள் வையுங்கள்.