மார்பில் ரத்தக்கட்டா? முதல் நாள் சுடு ஒத்தடம் வேண்டாம்

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். நாய் ஒன்று குறுக்கே ஓடியது, டிரைவர் பிரேக் அடித்தார், முன் சீட்டின் கம்பி என் இடது மார்பில் இடித்தது. கூட்டத்தில் எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூடக் கூச்சம். "ஒண்ணுமில்லக்கா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்துவிட்டு இறங்கினேன். ராத்திரி புடவையை மாற்றும்போதுதான் பார்த்தேன்: உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம், நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

நாம் ரத்தக்கட்டு என்பதைத்தான் டாக்டர்கள் ஹீமடோமா என்கிறார்கள். வெறுமனே கன்றிப்போனால் ரத்தம் தோலுக்கடியில் பரவி நிற்கும். ரத்தக்கட்டில் அது ஒரே இடத்தில் தேங்கி உறைந்து, கைக்குக் கட்டியாகத் தட்டுப்படும். மார்பில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பும் தளர்வான திசுவும்தான். கசிகிற ரத்தத்தைச் சுற்றி நின்று அழுத்திப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை, அதனால் தாராளமாக இடம் பிடித்துக்கொள்ளும்.

வீட்டு வைத்தியத்துக்கு முன்னால்

வீக்கம் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகிறதா, தோல் பளபளவென்று இறுகுகிறதா, தலை சுற்றுகிறதா, மூச்சை இழுத்தால் குத்துகிறதா? மேற்கொண்டு படிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கார் விபத்தில் சீட் பெல்ட் அழுத்தியிருந்தாலும் அப்படித்தான். பின்னால் விலா எலும்பும் நுரையீரலும் இருக்கின்றன. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் சின்ன அடியானாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

1. குளிர் ஒத்தடம் (நான் கோட்டை விட்ட இடம்)

அடிபட்ட ராத்திரியே அத்தை புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டார். சுளுக்குக்கு எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். மேலே சுடு ஒத்தடம், பிறகு நல்லெண்ணெய் தொட்டு ஒரு நீவல். சுகமாகத்தான் இருந்தது. காலையில் எலுமிச்சை சாத்துக்குடி ஆகியிருந்தது. பற்றுப் போட்ட இடத்தில் தோல் வேறு கன்றிச் சிவந்திருந்தது.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது நான்தான். ஆனால் காரணம் தெரிந்துகொள்ளுங்கள். அடியில் கிழிந்த சிறு ரத்தக்குழாய்கள் உறைந்து அடைபட நேரம் வேண்டும். சூடு பட்டால் குழாய் விரியும், கசிவு கூடும். நீவினால் அடைத்துக்கொண்டிருக்கிற உறைகட்டியே பெயர்ந்துவிடும். முதல் 48 மணி நேரத்துக்குக் குளிர்ச்சி மட்டும்தான். நீவுவது அப்போதும் கூடாது, பிறகும் கூடாது.

ஐஸ் பாக்கெட்டின்மேல் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அடிபட்ட இடத்தில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போதும். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும், காம்புப் பகுதி இன்னும் மென்மை. மருந்துக்கடையில் ஜெல் பேக் வாங்கினேன். ஃப்ரீசரில் இருந்து எடுத்தால் செங்கல் மாதிரி, மார்பின் வளைவில் உட்காரவே இல்லை. என் ஓட்டு உறைந்த பச்சைப் பட்டாணி பாக்கெட்டுக்குத்தான். வைத்த இடத்தில் அப்படியே படிந்துகொள்ளும். பாக்கெட்டின்மேல் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள், இல்லையென்றால் யாராவது குருமாவில் போட்டுவிடுவார்கள். பலமுறை உருகி உறைந்த பட்டாணி சாப்பிட ஆகாது.

2. தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை

மார்பு ஆடினால் வலி, மாடிப்படி இறங்கும்போது இரட்டிப்பு வலி. கம்பி வைத்த பிரா வேண்டாம். ஸ்போர்ட்ஸ் பிரா நல்லது, அதிலும் முன்பக்கம் கொக்கி வைத்தது. தலைவழியாகப் போடுவதை மாட்டக் கையைத் தூக்கியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் சில நாள் தூங்கும்போதும் போட்டிருந்தேன். கட்டுத்துணி சுற்றி இறுக்காதீர்கள்.

3. மாத்திரை

பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தடுக்கும், ஆகவே டாக்டர் சொல்லாமல் ஆரம்ப நாட்களில் வேண்டாம்.

4. பேனா

கருநீலத்தின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். மறுநாள் நிறம் மட்டும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், ரத்தம் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டதுதான். கட்டி பெரிதானால் அன்றே டாக்டரிடம் போங்கள். நீலம் பச்சையாகி மஞ்சளாகி மறையும். கட்டி கரைய அதைவிட அதிக நாள் எடுக்கும், சில வாரங்கள்கூட.

5. சூடு, இப்போதுதான்

48 மணி நேரம் கழிந்து, வீக்கமும் நின்றிருந்தால் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுக்கலாம். மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால் மட்டும். பற்று வேண்டாம்.

6. டாக்டரும் ஸ்கேனும்

பெண்கள் சமாச்சாரம் என்று நான் மகப்பேறு மருத்துவரிடம் போய் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அவர் அன்பாகப் பேசிவிட்டு ஜெனரல் சர்ஜனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மார்பகக் கட்டியைப் பார்ப்பது அறுவை சிகிச்சைப் பிரிவு, நேராக அங்கேயே போங்கள். அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். வயது 40ஐத் தாண்டியிருந்தால் வலி தணிந்தபின் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) கேட்கலாம்.

"ஊசி போட்டு உறிஞ்சிடுங்களேன் டாக்டர்" என்றேன். உறைந்த ரத்தம் ஊசியில் ஏறாது, குத்தினால் கிருமி நுழைய வழிதான் கிடைக்கும் என்றார். பெரும்பாலான சின்னக் கட்டிகளை உடம்பே கரைத்துவிடும். மிகப் பெரிதாகி வலி தாங்காமல் போனாலோ, வளர்ந்துகொண்டே இருந்தாலோ, சீழ் பிடித்தாலோதான் திறந்து வெளியேற்றுவார்கள். காய்ச்சல் வந்து, இடம் சிவந்து சுட்டால் சீழ் பிடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஸ்கேன் எடுப்பவரிடம் எந்தத் தேதியில், எப்படி அடிபட்டது என்று வாய் திறந்து சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அறிக்கையில் "பைராட்ஸ் 3" என்று பார்த்து ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அநேகமாகச் சாதாரணக் கட்டி, சில மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள்.

பின்சேர்க்கை 1: அடிபட்டதால் புற்றுநோய் வருமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வராது. ஆனால் முன்பே இருந்த கட்டி, அடிபட்ட பிறகு தடவிப் பார்க்கும்போது முதன்முதலாகக் கைக்குத் தட்டுப்படலாம். அதனால் "அடிபட்டதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி காட்டுங்கள். அடியே படாமல் ரத்தம் கட்டினாலும் காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை 2: நிறம் போய் மாதக்கணக்கான பிறகும் கல் மாதிரி ஒன்று நிற்கிறது என்று ஒரு தோழி எழுதியிருந்தார். எனக்கும் நின்றது. அடிபட்ட கொழுப்பு செத்து இறுகிப்போவதால் வருவது, கொழுப்புத் திசு நசிவு என்பார்கள். தீங்கில்லாதது. ஆனால் தொட்டாலும் படத்திலும் புற்றுநோய்க் கட்டி போலவே ஏமாற்றும், சில சமயம் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்துத்தான் உறுதி செய்வார்கள். எனக்கும் எடுத்தார்கள். இப்போது புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கி அங்கேயே இருக்கிறது.

பின்சேர்க்கை 3: பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு: பொதுவாகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை, பாலில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வலியில் அந்தப் பக்கம் கொடுக்க முடியாவிட்டால் கையால் மெதுவாகப் பீய்ச்சி எடுத்துவிடுங்கள், பால் கட்டிக்கொண்டால் அது தனி அவஸ்தை. பால் கொடுக்காத நாட்களில் காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.