புது லேப்டாப்பா? முதலில் பூட்டு, அப்புறம்தான் இணைப்பு

போன மாதம் அக்கா மகளுக்குக் கல்லூரிக்காக ஒரு லேப்டாப் வாங்கினோம். பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிடமே "மாமா, இதை டிவியில போட்டுப் பாக்கலாமா?" என்றாள். போடலாம், ஆனால் பூட்டு போட்டுவிட்டு அப்புறம் என்று பிடிவாதமாக உட்கார வைத்து, ஒரு சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 11 இருக்கும் லேப்டாப்புக்கானது இது. மெனு பெயர்களைத் திரையில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்; ஒன்றிரண்டு உங்கள் லேப்டாப்பில் இடம் மாறியிருக்கலாம், பதற வேண்டாம்.

பின் நம்பர், விரல் ரேகை, முகம்

செட்டிங்ஸ் திறந்து அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ். முதலில் பின் நம்பர் போடுங்கள், அது இல்லாமல் விரல் ரேகையையும் முகத்தையும் பதிய விடாது. நாலு இலக்க நம்பர் எப்படி நீளமான பாஸ்வேர்டைவிட நல்லது என்று அவளுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். பாஸ்வேர்டு யார் கையிலாவது சிக்கினால் அவர் எங்கே உட்கார்ந்துகொண்டும் உங்கள் அக்கவுண்டைத் திறக்கலாம்; பின் நம்பர் இந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் செல்லும், அதுவும் உள்ளே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் காவலில். சில தடவை தப்பாகப் போட்டால் "ஏ1பி2சி3" என்று தட்டச் சொல்லும். நிறையப் பேர் வைரஸ் வந்துவிட்டதோ என்று பயந்துவிடுகிறார்கள். ஒன்றுமில்லை, பட்டன் ஏதாவது சிக்கிக்கொண்டு தானாக அழுந்துகிறதா, இல்லை நிஜமாகவே ஒரு ஆள்தான் தட்டுகிறாரா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். நாலு இலக்கம் போதாது என்று தோன்றினால், பின் போடும் இடத்திலேயே எழுத்துகளையும் சேர்க்க ஒரு டிக் கட்டம் இருக்கிறது.

விரல் ரேகை பதியும்போது ஒரே விரலோடு நிறுத்தாதீர்கள். காய் நறுக்கும்போது கட்டைவிரலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், மறுநாள் காலையில் லேப்டாப் உங்களை யாரென்று கேட்கும். இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலாவது பதியுங்கள். முகம் பதியும் வசதி எல்லா லேப்டாப்பிலும் இருக்காது. அதற்கு இருட்டிலும் பார்க்கும் அகச்சிவப்புக் கேமரா வேண்டும், சாதாரண வெப்கேம் போதாது. உங்கள் போட்டோவைக் காட்டி ஏமாற்ற முடியாததற்கு அந்தக் கேமராதான் முக்கியக் காரணம். கண்ணாடி போடுகிறவர்கள் "இம்ப்ரூவ் ரெகக்னிஷன்" அழுத்திக் கண்ணாடியோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை பதிந்துகொள்ளுங்கள்.

48 இலக்கம்: இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன். இது ஆனில் இருந்தால் லேப்டாப்பைத் திருடியவன் உள்ளே இருக்கும் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ஒரு ஃபைலையும் படிக்க முடியாது. இப்போது வரும் பல புது லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்நுழைந்தவுடன் இது உங்களைக் கேட்காமலே ஆன் ஆகிவிடுகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் பூட்டு போட்டதே தெரியாதவனிடம் சாவி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வான்?

எனக்கு நடந்தது அதுதான். பழைய லேப்டாப்பில் மதர்போர்டு போய், கடையில் மாற்றிக்கொண்டு வந்து ஆன் செய்தால் நீலத் திரை, ரிகவரி கீ போடு என்றது. டிபிஎம் சில் இருப்பது மதர்போர்டு பக்கம், அது மாறிப்போனதால் டிஸ்க் தன் சொந்த வீட்டையே நம்பவில்லை. சாவி என் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பத்திரமாக இருந்தது. அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டு? விண்டோஸ் கேட்டதே என்று அவசரத்தில் உருவாக்கி அன்றைக்கே மறந்துபோன ஒன்று. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். போனில் பிரவுசரைத் திறந்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்நுழையுங்கள், டிவைசஸ் பகுதிக்குப் போய் உங்கள் லேப்டாப் பெயரைத் தொடுங்கள், ரிகவரி கீ காட்டும் இணைப்பு அங்கே இருக்கும். 8 கட்டங்களாக, கட்டத்துக்கு 6 இலக்கம் வீதம் 48 இலக்கம். கூடவே கீ ஐடி என்று ஒன்று இருக்கும், அதன் முதல் 8 எழுத்துகளையும் சேர்த்து எழுதுங்கள். நீலத் திரையில் எந்தச் சாவி வேண்டும் என்று அந்த ஐடியைத்தான் காட்டும், வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தால் இது ரொம்ப உதவும். ஒரு வேடிக்கை: ஒவ்வொரு 6 இலக்கக் கட்டமும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும், அதனால் ஒரு இலக்கம் தப்பாக விழுந்தாலும் அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். காகிதத்தில் எழுதியதும் அக்கா மகள் கால்குலேட்டரை எடுத்து எட்டையும் வகுத்துப் பார்த்தாள். நாலாவது கட்டம் வகுபடவில்லை. 1-ஐ 7 என்று எழுதியிருக்கிறாள்!

அந்தக் காகிதம் லேப்டாப் பைக்குள் இருக்கக் கூடாது. அவளுடையது அக்கா வீட்டு பீரோவில், ரேஷன் கார்டு வைக்கும் கவரில் இருக்கிறது.

எழுந்து போகும்போது

விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை உடனே பூட்டிக்கொள்ளும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் இதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். டைனமிக் லாக் என்றும் ஒன்று சைன்-இன் ஆப்ஷன்ஸில் இருக்கிறது: போனை ப்ளூடூத்தில் சேர்த்துவிட்டால், போனோடு நீங்கள் தூரம் போனதும் தானே பூட்டிக்கொள்ளும். எனக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பூட்டவே ஒரு நிமிடம் போல ஆகிறது, சின்ன வீட்டில் அடுத்த ரூமுக்குப் போனாலும் ப்ளூடூத் எட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

அதே பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் ஃபைண்ட் மை டிவைஸையும், லொகேஷனையும் ஆன் செய்துவிடுங்கள். போனைத் தேடுவதுபோல நினைத்துவிடாதீர்கள், நெட் இல்லாமல் கிடக்கும் லேப்டாப் கடைசியாக இருந்த இடத்தைத்தான் காட்டும்.

இப்போது இணைக்கலாம்

டிவியில் போட விண்டோஸ் பட்டனோடு கே. டிவியும் லேப்டாப்பும் மிராகாஸ்ட் (வயர் இல்லாமல் திரையை அனுப்பும் முறை) தெரிந்தவையாக இருந்தால் டிவியின் பெயர் பட்டியலில் வந்துவிடும். எச்டிஎம்ஐ வயர் மாட்டினால் விண்டோஸ் பட்டனோடு பி (P). இதில் டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள்: டூப்ளிகேட்டில் உங்கள் திரையில் வருவது எல்லாமே அங்கேயும் தெரியும், எக்ஸ்டெண்டில் நீங்கள் இழுத்துவிட்ட ஜன்னல் மட்டும். செமினார் ஹாலில் புரஜெக்டரில் போடும்போது எக்ஸ்டெண்ட்தான் மானத்தைக் காப்பாற்றும்.

போனோடு சேர்க்க, லேப்டாப்பில் ஃபோன் லிங்க் ஆப்பைத் திறந்து க்யூஆர் கோடை ஆண்ட்ராய்டு போனில் ஸ்கேன் செய்தால் போதும். அனுமதி கேட்கும்போது எல்லாவற்றுக்கும் "அலவ்" அழுத்தாதீர்கள். மெசேஜுக்கு அனுமதி கொடுத்தால் பேங்க் ஓடிபியும் லேப்டாப் திரையில் வந்து விழும், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும். நாங்கள் போட்டோவுக்கும் அழைப்புக்கும் மட்டும் கொடுத்தோம். பெரிய ஃபைல்களை அனுப்ப கூகுளின் க்விக் ஷேரை லேப்டாப்பிலும் போட்டுக்கொள்ளலாம், படம் வாட்ஸாப்பில் போவதுபோல மங்காது. யாரிடமிருந்து வாங்கலாம் என்ற இடத்தில் "எவ்ரிஒன்" மட்டும் வேண்டாம்.

கடைசியாக ஓட்டைகள். யுஎஸ்பி-சி ஓட்டை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வேலை ஒரே மாதிரி இருக்காது. பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், வேகமானது, மானிட்டரும் மாட்டலாம். டி (D) வடிவத்துக்குள் பி (P) எழுத்து இருந்தால் அதில் மானிட்டர் ஓடும். எந்தக் குறியும் இல்லையென்றால் மாடல் பெயரைப் போட்டு கம்பெனி தளத்தில் பார்த்துவிடுங்கள், மானிட்டர் வாங்கிவிட்டு முழிக்க வேண்டாம். வயரும் முக்கியம்: போன் சார்ஜரோடு வரும் வயர் பெரும்பாலும் பழைய 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு 480 மெகாபிட்) வேகம்தான், வெளியே மாட்டும் எஸ்எஸ்டியில் (வேகமான டிஸ்க்) 40 ஜிபி கல்யாண வீடியோவை அந்த வயர் வழியாக ஏற்ற கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே எஸ்எஸ்டியை 10 ஜிபிபிஎஸ் வயரில் மாட்டினால் ஒரு நிமிடத்தை ஒட்டி முடியும்.

எல்லாம் முடிந்து ஹார்ட் டிஸ்கிலிருந்து அவள் பழைய படங்களை ஏற்றும்போது வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடியது. மவுஸ் கெட்டுவிட்டது, கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்றாள். கெடவில்லை. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் போடும், மவுஸ் ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான், இரண்டும் ஒட்டி ஒட்டி மாட்டியிருந்தன. ரிசீவரைப் பிடுங்கி எதிர்ப்பக்க ஓட்டையில் செருகினேன், மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது.