தொற்றுநோய்க் கணித மாதிரிகளைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் புள்ளியியல் மாணவர்க்கு

எச்ஐவி, காசநோய், கொரோனா போன்ற தொற்றுகளையும் அவற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பையும் கணித மாதிரிகளால் ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள விரும்பும் புள்ளியியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரிந்தால் போதும் என்ற எண்ணத்துடன் பலர் இத்துறைக்குள் வருகிறார்கள். ஆனால் ரத்தம் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, எந்தப் பரிசோதனை அதை அளந்தது, எந்த அளவுக்குக் கீழே அந்தப் பரிசோதனையால் ஒன்றையும் காண முடியாது என்பதையெல்லாம் கேட்டறிந்து கொள்பவரே இங்கு நம்பத்தக்க விடையைத் தருகிறார்.

முதல் பயிற்சியாக எச்ஐவி சிகிச்சைக் கணக்கைக் கையிலெடுங்கள். எச்ஐவி தாக்கும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான சிடி4 செல்களில் தொற்றுக்கு ஆளாகாதவை, தொற்றுக்கு ஆளானவை, ரத்தத்தில் திரியும் வைரஸ் ஆகிய மூன்றுக்கும் மூன்று வகைக்கெழுச் சமன்பாடுகள் இதில் உண்டு. சிகிச்சை பெறாதவர்களின் உடலில் வைரஸின் அளவு ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய மாறாமல் இருந்ததால், அது மந்தமாகப் பெருகும் நோய் என்றே பலர் முன்பு கருதினார்கள். ஒரு தொட்டியின் நீர்மட்டம் மாறவில்லை என்றால், நீர் அசையாமல் கிடக்கிறதா அல்லது வருகிற அளவே வெளியேறியும் கொண்டிருக்கிறதா என்பதைக் குழாயை மூடிப் பார்த்தால்தான் அறியலாம். எச்ஐவி ஆய்வாளர்களான டேவிட் ஹோவின் குழுவும் ஜார்ஜ் ஷாவின் குழுவும் 1995இல் அதைத்தான் செய்தன. மருந்தால் புதிய தொற்றை நிறுத்தியதும், வைரஸின் அளவு சுமார் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியானது.

அந்த இரண்டு நாள் எதைக் குறிக்கிறது என்பதே நம் துறையின் கேள்வி. வைரஸ் ரத்தத்திலிருந்து நீங்கும் வேகமும், அதை உற்பத்தி செய்யும் செல்கள் இறக்கும் வேகமும் அந்த ஓர் எண்ணுக்குள் ஒன்றாகக் கட்டுண்டிருந்தன. இரண்டில் எது மெதுவானதோ அதுவே சில நாள்களுக்குப் பிறகு எடுக்கும் அளவீடுகளில் தெரியும். 1996இல் கணித மாதிரி ஆய்வாளர் ஆலன் பெரல்சனும் ஹோவும் மற்றவர்களும் ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்தைப் பெற்ற 5 நோயாளிகளிடம் மணிக்கணக்கான இடைவெளியில் ரத்தம் எடுத்து, வைரஸ் உடனே சரியாமல் சற்றுத் தயங்கிப் பிறகு சரியும் அந்தத் தொடக்க வளைவைப் பிடித்தார்கள். அதன் பிறகே வைரஸின் அரை ஆயுள் சுமார் 6 மணி நேரம் என்றும், அதை உற்பத்தி செய்யும் செல்களின் அரை ஆயுள் சுமார் 1.6 நாள் என்றும் தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரஸ்கள் உடலில் உருவாகின்றன என்ற முடிவும் அதிலிருந்தே வந்தது. புதிய சமன்பாடு எதுவும் இந்த முன்னேற்றத்துக்குக் காரணமாக இருக்கவில்லை. ரத்தம் எடுத்த நேரங்களே காரணம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஆர் மொழியில் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் டீசால்வ் தொகுப்பைக் கொண்டு, நீங்களே தேர்ந்தெடுத்த அளவுருக்களுடன் செயற்கைத் தரவை உருவாக்கி, அதில் அளவீட்டுப் பிழையைச் சேர்த்து, பிறகு அளவுருக்களை மதிப்பிட்டு மீட்டெடுக்க முயலுங்கள். அடுத்து முதல் நாளின் அளவீடுகளை மட்டும் நீக்கிவிட்டு அதே மதிப்பீட்டை மீண்டும் செய்யுங்கள். வளைவு முன்போலவே அழகாகப் பொருந்தும். ஆனால் வைரஸ் நீங்கும் வேகத்தின் நம்பக இடைவெளி மிகவும் அகன்றுவிடும். எந்தத் தரவு எந்த அளவுருவைப் பற்றிப் பேசுகிறது என்ற உணர்வு இப்படித்தான் கைக்கு வரும். ஆகவே உண்மையான தரவைத் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்வதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

அளவிட்ட காலத்துக்கு அப்பால் வளைவை நீட்டும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1997இல் பெரல்சன் குழுவினர், வேகமான முதல் சரிவுக்குப் பின் வரும் மெதுவான இரண்டாம் கட்டத்தை அளந்து, வேறு மறைவிடம் இல்லை என்ற நிபந்தனையுடன், சுமார் 2.3 முதல் 3.1 ஆண்டுகள் வரை முழுமையான சிகிச்சை அளித்தால் வைரஸை அகற்றக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அவ்வாண்டிலேயே ஓய்வு நிலையிலுள்ள சிடி4 செல்களில் வைரஸ் ஒளிந்திருப்பது காட்டப்பட்டது. அந்தச் சேமிப்பின் அரை ஆயுள் சுமார் 44 மாதங்கள் என்று பின்னர் அளக்கப்பட்டதால், அகற்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகும் என்றாயிற்று. கணக்கில் பிழையில்லை. ஆயினும் அந்த நிபந்தனையை மறந்து எண்ணை மட்டும் எடுத்துச் சொன்னால் நோயாளிக்குப் பொய் நம்பிக்கை கொடுத்தவர்கள் ஆவோம்.

அடுத்து, பரிசோதனையின் கண்டறியும் எல்லைக்குக் கீழே விழும் மதிப்புகளைக் கவனியுங்கள். அவற்றுக்குப் பதிலாக எல்லையின் பாதியை எழுதிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் வளைவின் வால் தட்டையாகி, சரியும் வேகம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அந்த அளவீடு எல்லைக்குக் கீழே இருப்பதற்கான நிகழ்தகவையே லைக்லிஹுட்டில் சேர்ப்பதுதான் சரி. ஒவ்வொரு நோயாளிக்கும் சில அளவீடுகளே இருக்கும் என்பதால், தனித்தனியாகப் பொருத்தாமல், கலப்பு விளைவு மாதிரியால் அனைவரையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். மோனோலிக்ஸ், ஸ்டான் ஆகிய மென்பொருள்களில் இவ்விரண்டையும் ஒருங்கே செய்யலாம்.

மக்கள்தொகையில் நோய் பரவுவதை ஆராய்பவர்கள் கொள்ளைநோய்ப் பரவலைச் சமன்பாடுகளால் விளக்கிய கெர்மக், மெக்கென்ட்ரிக் இருவரின் 1927ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1905–06இல் பம்பாயில் பிளேக்கால் நிகழ்ந்த மரணங்களின் வார எண்ணிக்கையோடு அவர்கள் தங்கள் வளைவை ஒப்பிட்டார்கள், பொருத்தம் வியக்கத்தக்கது. ஆனால் அந்த நோய் எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிகள் வழியாகப் பரவியது; அவர்களின் எளிய சமன்பாட்டிலோ எலி இல்லை. வளைவு பொருந்துவதால் மட்டும் பரவும் வழி நிரூபிக்கப்படுவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்வது எனக்கு இன்னும் கடினமாகத் தோன்றுகிறது. எதிர்ப்பொருளின் டைட்டர், அதாவது ரத்த மாதிரியை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தும் அது செயல்படுகிறது என்ற அளவு, 10, 20, 40, 80 என இரட்டித்துச் செல்லும் படிகளில் அளக்கப்படுகிறது. 40 என்ற முடிவுக்கு உண்மை மதிப்பு 40க்கும் 80க்கும் இடையே எங்கோ உள்ளது என்றே பொருள். எனவே மடக்கை அளவில், இடைவெளித் தரவாக அதைக் கையாளுங்கள். அதைவிடப் பெரிய கேள்வி, அளந்த எதிர்வினை உண்மையில் காக்கிறதா என்பது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி ஆய்வில், தடுப்பூசி பெற்றவர்களின் தோல் சோதனையில் தெளிவான மாற்றம் தெரிந்தும், ஏழரை ஆண்டுக் கண்காணிப்பில் நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு எதுவும் காணப்படவில்லை.

தாய்லாந்தில் 16,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த எச்ஐவி தடுப்பூசி ஆய்வு 2009இல் 31.2 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. ஏன் என்று அறிய, தடுப்பூசி பெற்றும் தொற்றுக்கு ஆளான 41 பேரையும் ஆளாகாத 205 பேரையும் ஒப்பிட்டபோது, வைரஸின் வெளியுறைப் புரதத்திலுள்ள வி1வி2 பகுதிக்கு எதிரான ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் மிகுந்தவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. இத்தகைய தரவில் தொற்றாதவர்களுள் ஒரு சிறு பகுதியினரே அளக்கப்படுவதால், தெரிவு நிகழ்தகவின் தலைகீழியை எடையாகச் சேர்க்காமல் எந்த மதிப்பீட்டையும் வெளியிடாதீர்கள். மேலும், தடுப்பூசி குலுக்கல் முறையில் வழங்கப்பட்டதே அன்றி எதிர்ப்பொருளின் அளவு அப்படி வழங்கப்படவில்லை. ஆகவே அந்தத் தொடர்பைக் காரணம் என்று எழுதிவிடக் கூடாது. அதே வழியில் வடிவமைக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தென்னாப்பிரிக்காவில் சோதிக்கப்பட்டு, பயனில்லை என 2020இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது.

படிப்பைப் பொறுத்தவரை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் துறையும், சென்னையிலுள்ள தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனமும், தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அருகிலேயே உள்ளன. வெளிநாட்டில் உடலுக்குள் நிகழும் தொற்றியக்கத்துக்கு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம், தடுப்பூசி ஆய்வுகளுக்குச் சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையம், பரவல் மாதிரிகளுக்கு லண்டனின் இம்பீரியல் கல்லூரி ஆகியவை பெயர் பெற்றவை. எங்கே சேர்ந்தாலும், ஆய்வு தொடங்கிய பிறகு தரவைப் பெற்றுக்கொள்பவராக இல்லாமல், ரத்தம் எடுக்கும் நாள்கள் முடிவாகும் கூட்டத்திலேயே இடம் கேளுங்கள். அங்கே, செயற்கைத் தரவில் நீங்கள் செய்து பார்த்த கணக்கைக் காட்டி, எந்த நாளில் கூடுதலாக ஒரு முறை ரத்தம் எடுத்தால் எந்த அளவுரு தெளிவாகும், எந்த நாளின் ஊசிக்குத்தை நோயாளிக்குத் தவிர்த்துவிடலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.