மாயாற்றுப் பள்ளத்தாக்கு: புதிதாக ஆட்களை அழைத்து வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியிலிருந்து மாயாற்றங்கரையிலுள்ள தெங்குமரஹாடா என்ற சிற்றூருக்கு ஆட்களை அழைத்துச் செல்லத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள், முன்பு நான் செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைச் சென்ற மாதமும் கண்டேன். குடிநீர், தொப்பி போன்றவற்றை யாரும் சொல்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிப்பது

தெங்குமரஹாடா மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே முள்மரங்கள் காய்ந்து நிற்கும்போது மேலே முக்கூர்த்தி, பைக்காரா பக்கம் மழை கொட்டும். அந்த வெள்ளமும் பைக்காரா அணையிலிருந்து திறந்துவிடும் நீரும் மாயாறாக நீலகிரிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் இடையிலுள்ள ஆழ்ந்த பிளவின் வழியே இறங்கி, பவானிசாகர் அணைக்குப் போகும் வழியில் இந்த ஊரைத் துண்டித்துவிடும்.

ஓர் ஆகஸ்டு மாதம், வெயில் சுள்ளென்று அடித்த நாளில், ஒன்பது பேரைப் பரிசலில் அக்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். மதியம் பரிசல்காரர் பரிசலை மேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்துவிட்டு, "மேல தண்ணி விட்டுட்டாங்க போலங்க, இன்னைக்கு ஆகாதுங்க" என்றார். நான் நம்பவில்லை. அரை மணி நேரத்தில், நாங்கள் செருப்புகளைக் கழற்றி வைத்த பாறை சருகும் நுரையும் சுழன்ற செந்நீருக்குள் மறைந்தது. இரண்டு இரவுகள் ஊரார்தாம் சோறு போட்டார்கள். எங்களில் ஒருவருடைய சர்க்கரை நோய் மாத்திரைகள் இக்கரையில், வண்டியிலேயே இருந்தன.

சென்ற மாதம் ஒருவர், பரிசல்காரர் மறுத்த பிறகும் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி வற்புறுத்தினார். அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பைக்காரா நிலவரத்தை விசாரிக்காமல் பரிசல் ஏறாதீர்கள்; பரிசல்காரர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரிவதால் பக்கம் என்று நினைப்பது

கோடநாடு காட்சிமுனையில் நின்றால் ஊர் காலடியில் தெரியும். அது நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்ததும்கூட. ஆனால் வண்டி மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிசாகர் சுற்றி, வனத்துறை அனுமதியோடு காட்டுப்பாதையில் போக வேண்டும்.

மூடுபனி

பனி மூடிக் காட்சியை மறைப்பதற்குள், கோடநாட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

வரலாற்றை ஆங்கிலேயரிடமிருந்து தொடங்குவது

ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் நீலமலையை வென்றதையும் தோடர்களையும் 1117ஆம் ஆண்டுச் சாமராஜநகர்க் கல்வெட்டு குறிப்பிடுகிறது. தண்டநாயகன் கோட்டை, 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீருக்குள் கிடக்கிறது. தெங்குமரஹாடாவின் கூட்டுறவு விவசாயச் சங்கம் 1948இல் தோன்றியது. இவற்றைச் சொல்லாமல் வயலையும் ஆற்றையும் மட்டும் காட்டித் திரும்புவது, வந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கூடு கட்டிய மருத மரத்தடியில் கூட்டமாக நிற்பது

கூடவே கூடாது.