ஷாத்தோ ஓ-பிரியோனை அறிய வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் போர்தோ நகர்ப் பகுதியில் விளையும் பெரிய சிவப்பு ஒயின்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்ற நான்கு ஒயின் தோட்டங்களும் அதில் முதல் வகுப்பு. 1973-இல் மூத்தோன் ஐந்தாவதாகச் சேர்ந்தது. இந்தப் பட்டியலைத் தெரிந்துகொண்டால் ஓ-பிரியோன் தோட்டத்தையே தெரிந்துகொண்டதாக நினைப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு.

அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்று பாருங்கள். பாரிஸில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அதைக் கேட்டார்கள். போர்தோவின் ஒயின் தரகர்கள் இரண்டே வாரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மண்ணை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. பல வருடங்களாக எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போனது என்பதுதான் அளவுகோல். தரவரிசை தோட்டத்தின் பெயருக்குத்தான் உண்டு, நிலத்துக்கு இல்லை. பக்கத்து நிலத்தைப் பின்னாளில் வாங்கிச் சேர்த்தாலும் அதே வகுப்பு தொடரும். அதனால் இதை வணிகத்தின் ஆவணமாகப் படியுங்கள். அப்படிப் படித்தால் ஒரு வியப்பான விஷயம் கண்ணில் படும். பட்டியலில் உள்ள மற்ற சிவப்பு ஒயின்கள் எல்லாமே போர்தோ நகருக்கு வடக்கே, மெடோக் பகுதியைச் சேர்ந்தவை. ஓ-பிரியோன் மட்டும் நகரின் தென்மேற்கில், பெஸ்ஸாக்கில் இருக்கிறது. எல்லைக்கு வெளியே இருந்தும் அதைத் தரகர்களால் விட முடியவில்லை. ஏனென்றால் அதன் புகழ் அப்போதே இருநூறு வருடப் பழையது.

அந்த இருநூறு வருடத்தைத் தாண்டிக் குதிப்பது இரண்டாவது தவறு. என்னைக் கேட்டால், இந்தத் தோட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

1525-இல் ழான் தெ போன்டாக் என்பவர் ழான் தெ பெல்லோன் என்ற பெண்ணை மணந்தார். இங்குள்ள நிலத்தில் ஒரு பகுதி அவருக்குச் சீதனமாக வந்தது. 1533-இல் ஓ-பிரியோன் மாளிகைக்குரிய உரிமையையும் வாங்கிச் சேர்த்தார். 1549-இல் இன்றைய மாளிகையின் கட்டுமானம் தொடங்கியது. மனிதர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். ஆனால் பெரிய மாற்றம் வந்தது அவருடைய வழித்தோன்றல் மூன்றாம் அர்னோ தெ போன்டாக் காலத்தில். அவர் போர்தோவின் பார்லமான் என்ற உயர் நீதிமன்றத்தின் தலைவர். அந்தக் காலத்தில் போர்தோ ஒயின் என்றால் பொதுவாக அந்த ஊர்ச் சரக்கு, அவ்வளவுதான். எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று குடிப்பவருக்குத் தெரியாது. தன் ஒயின் தன் நிலத்தின் பெயரிலேயே விலைபோக வேண்டும் என்று நினைத்தவர் இவர்.

அது பலித்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸின் 1660-ஆம் ஆண்டு நிலவறைக் கணக்கிலேயே இந்தப் பெயர் வருகிறது. 1663 ஏப்ரல் 10 அன்று லண்டனில் ராயல் ஓக் என்ற மதுக்கடையில் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் இதைக் குடித்துவிட்டு, இதுவரை தான் கண்டிராத தனிச் சுவை என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். பெயரைக் காதில் விழுந்தபடி ‘ஹோ பிரையன்’ என்று எழுதியிருக்கிறார்! 1666-இல் லண்டன் பெருந்தீக்குப் பிறகு அர்னோவின் மகன் அந்நகரிலேயே போன்டாக்ஸ் ஹெட் என்ற உணவகத்தைத் திறந்து, குடும்பத்து ஒயினை அங்கே பரிமாறினார். 1787-இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தோமஸ் ஜெஃபர்சன் போர்தோ வந்தபோது முதல் தரம் என்று குறித்துவைத்த தோட்டங்கள் நான்கு. 1855 பட்டியலின் முதல் வகுப்பில் இருப்பவையும் அதே நான்குதான். தரகர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த தவறு, அமைதியான கிராமத்தையும் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் கொடிகளையும் கற்பனை செய்வது. ஓ-பிரியோன் இன்று நகருக்குள் இருக்கிறது. சுற்றிலும் வீடுகள், கட்டடங்கள், போக்குவரத்து நிறைந்த சாலை. நகரம் வளர்ந்து வளர்ந்து தோட்டத்தைச் சூழ்ந்துகொண்டது. ஆனாலும் சுமார் ஐம்பது ஹெக்டேர் கொடிகள் நிலைத்திருக்கின்றன. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். நகரத்தின் கதகதப்பால் இங்கே திராட்சை மெடோக்கைவிட முன்னதாகவே பழுக்கிறது. பல வருடங்களில் அறுவடையும் முன்னதாகவே தொடங்கிவிடும். இலையுதிர்கால மழை பிடித்துக்கொள்வதற்குள் பழம் பறித்தாகிவிடும்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1677-இல் தத்துவஞானி ஜான் லாக் இந்தத் தோட்டத்தைப் பார்க்க வந்தார். வெள்ளை மணலும் சிறு சரளைக் கல்லும் கலந்த நிலம், வேறெதுவும் விளையத் தகுதியற்றது போல இருக்கிறது என்று வியந்தார். அவர் பார்த்தது சரிதான். மேலே சிறு சிறு குவார்ட்ஸ் கூழாங்கற்கள். கீழே களிமண்ணும் மணலும். மழைநீர் கற்களுக்கிடையே சட்டென்று இறங்கிவிடும். பகலில் சூடேறிய கற்கள் இரவில் கொடிக்கு அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். கோடையில் தண்ணீர் தேடி வேர் ஆழத்துக்குப் போகும். ‘வளமான மண், அதனால் நல்ல ஒயின்’ என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, பெரிய போர்தோ சிவப்பு என்றாலே கபெர்னே சோவின்யோன் என்ற திராட்சை வகைதான் ஆதிக்கம் செலுத்தும் என்று முடிவுகட்டுவது. மெடோக்குக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இங்கே மெர்லோ என்ற வகையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு நடப்பட்டிருக்கிறது, கூடவே கபெர்னே ஃப்ராங்க்கும் உண்டு. இளம் லத்தூரின் இறுக்கத்தை எதிர்பார்த்து ஓ-பிரியோனைத் திறப்பவர் ஏமாந்துபோவார். இதன் குணம் வேறு: புகை, புகையிலை, தேவதாரு, வெயிலில் காய்ந்த மண் இவற்றின் வாசனை, வாயில் மென்மையான, நீண்ட தடம். முரட்டு வலிமையை வைத்து இதை அளப்பது அநியாயம். வெள்ளை ஓ-பிரியோனும் உண்டு. மிகக் குறைவாகத்தான் கிடைக்கும்.

பெயர்க் குழப்பத்தில் பணத்தை இழக்கிறவர்கள் நிறையப் பேர். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் லா மிஷன் ஓ-பிரியோன் தனித் தோட்டம். 1983-இல் இதே உரிமையாளர்கள் அதை வாங்கினாலும் ஒயின் தனியாகவே தயாராகிறது. லே கார்ம் ஓ-பிரியோன், லாரிவே ஓ-பிரியோன் ஆகியவை வேறு ஆட்களுடையவை. நல்ல ஒயின்கள்தான், ஆனால் இது அல்ல. லே கிளாரன்ஸ் தெ ஓ-பிரியோன் இந்தத் தோட்டத்தின் இரண்டாம் ஒயின். 2007 அறுவடைக்கு முன் அதன் பெயர் பஹான்ஸ் ஓ-பிரியோன். அதை மிச்சம்மீதி என்று ஒதுக்க வேண்டாம். தொட்டி தொட்டியாகச் சுவைத்து, முதல் ஒயினின் கலவைக்குப் பொருந்தாததை அதற்குப் பிரிக்கிறார்கள். கையும் மண்ணும் அதேதான்.

பாரம்பரியம் என்றால் எதையும் மாற்றாமல் வைத்திருப்பது என்று நினைப்பதும் தவறு. இந்தத் தோட்டம் ஒரே குடும்பத்திடம் நிலைத்திருக்கவில்லை. உரிமையாளராக இருந்த ழோசெஃப் தெ ஃப்யூமெல் 1794-இல் கில்லட்டினில் உயிரிழந்தார். பிறகு 1801 முதல் 1804 வரை ராஜதந்திரி தாலெய்ரான் இதை வைத்திருந்தார். 1935-இல் நியூயார்க் வங்கியாளர் கிளாரன்ஸ் டில்லன் வாங்கினார். இன்றும் அவர் வழிவந்தவர்களிடமே இருக்கிறது. தலைமையில் இருப்பவர் லக்சம்பர்க் இளவரசர் ராபர்ட். ஒயினை உருவாக்கும் பொறுப்பையோ டெல்மா குடும்பத்தில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை சுமந்திருக்கிறது. அவர்களில் ழான்-பெர்னார் டெல்மா 1961-இல் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளைக் கொண்டுவந்தார். பெரிய தோட்டங்கள் மரத்தொட்டியை விட மனமில்லாமல் இருந்த காலம் அது! நொதிக்கும்போது வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்தால்தான் மண்ணின் நுட்பமான வாசனை தங்கும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. எந்தக் கொடி வகை எந்த இடத்துக்குப் பொருந்தும் என்றும் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். இந்தப் புதுமைகளெல்லாம் அந்தப் பழைய குணத்தைக் காப்பாற்றத்தான்.

சரி, பாட்டில் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வருடத்து ஒயினை நாலைந்து வருடத்திலேயே திறப்பது பெரிய இழப்பு. பதினைந்து, இருபது வருடம் பொறுத்தால்தான் அந்தப் புகையும் மண்வாசனையும் வெளியே வரும். அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பழைய பேச்சு குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்கானது. 16 முதல் 18 டிகிரிதான் சரி. நம் ஊர் அறையின் முப்பது டிகிரியில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

பழைய பாட்டிலில் கசடு இருக்கும். முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். பாட்டிலின் தோளுக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கட்டும். டிகான்டர் என்ற கண்ணாடிக் குடுவைக்குள் நிறுத்தாமல், மெதுவாக ஊற்றுங்கள். கறுப்புக் கீற்று ஒன்று கழுத்தை நோக்கி நகர்வது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். முப்பது நாற்பது வருடப் பாட்டிலை மணிக்கணக்கில் காற்றாட விட வேண்டாம், வாசனை போய்விடும்.

1989 போன்ற புகழ்பெற்ற அறுவடையை மட்டுமே துரத்துவதும் வேண்டாம். நீர் வடியும் மண்ணும் முன்கூட்டிய அறுவடையும் இருப்பதால், மற்றவர்கள் திணறிய வருடங்களிலும் இங்கே நல்ல ஒயின் வந்திருக்கிறது. விலையும் இறங்கியிருக்கும். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் பெஸ்ஸாக்-லெயோன்யான் என்று இந்த வட்டாரத்தின் பெயரை அச்சிட்ட மற்ற லேபிள்களைத் தேடுங்கள். ஓ-பாய், தொமேன் தெ ஷெவாலியே இரண்டும் அதே வட்டாரத்தின் சரளை மண்ணில் விளைபவை. அந்தப் புகைவாசனையின் சாயலை அவற்றிலும் காணலாம்.